துளையில்லாத முடிச்சு

கலியோப்பி என்கிற முழுப்பெயர் ஆஸ்திரேலியாவில் மில்டுரா ஊர்க் கிரேக்கத் தேவாலயத்துப் பதிவேட்டோடு சரி. ஆற்று வளைவில் தோட்டம் வைத்திருக்கிற அறுபது சொச்சம் குடும்பத்துக்கும் அவள் பொப்பிதான். சனிக்கிழமை காலையானால் அவள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மடக்கு மேசையைப் போட்டுவிடுவாள். மேசைமேல் காய் நறுக்குகிற கத்தி ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, ஆறிப்போன காப்பி ஒரு கோப்பை. வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை இருக்கும். பைக்குள் வீங்கின கிளை, கொப்புளம் போட்ட இலை, பெயர் தெரியாத ஏதோ ஒரு உருண்டை.

அந்த மே மாதச் சனிக்கிழமை முதலில் வந்தவள் பள்ளிக்கூட டீச்சர். வாட்டில் என்கிற வேல மரத்துக் கிளை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். பூ வரவேண்டிய இடத்திலெல்லாம் பழுப்பாகக் குண்டு குண்டாகக் காய்த்திருந்தது.

"பொப்பி, இது காயா, சீக்கா?"

"ரெண்டும் இல்ல. குளவி வீடு. மொட்டா இருக்கறப்பவே உள்ள முட்டை வெச்சிட்டுப் போயிடும். மரம் பாவம், பூவை மறந்துட்டு அதுக்கு வீடு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. பிடுங்கிப் போடு."

அடுத்து வந்தவர் திராட்சைத் தோட்டக்காரர். இலையின் மேல்பக்கம் புடைத்திருந்தது, அடிப்பக்கம் வெள்ளை வெல்வெட் மாதிரி இருந்தது. மனிதர் அதைப் பூஞ்சை என்று நினைத்து இரண்டு தடவை மருந்து அடித்துவிட்டு வந்திருக்கிறார்.

"பூஞ்சையா? இது சிலந்திப்பேன். கண்ணுக்கே தெரியாது. திராட்சையை ஒண்ணும் பண்ணாது. நீங்க அடிச்ச மருந்துல அது குளிச்சிட்டுப் போயிருக்கும்."

"இந்த இலையில சோறு வெச்சு மடிச்சு வேக வைக்கலாமா?"

"மாமியாருக்கு மடிச்சுக் குடுங்க, எனக்கு வேணாம்."

இப்படித்தான். பையைப் பிரிப்பாள், கத்தியால் ஒரு கீறல், கண்ணாடியில் ஒரு பார்வை, உடனே தீர்ப்பு. பத்தொன்பது வருஷம் பழம் தரம் பிரிக்கிற ஷெட்டில் நின்ற கண் அது. விவசாய இலாகா ஒரு தடவை இரண்டு நாள் வகுப்பு நடத்தியபோது மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள், இவள் மட்டும் கேள்வி கேட்டுக் கேட்டு வகுப்பெடுத்தவரின் உயிரை வாங்கினாள். அதிலிருந்து வளைவில் முடிச்சு என்று எது கண்ணில் பட்டாலும் 'பொப்பிகிட்ட காட்டு' என்பார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் ஒருத்தரையும் திருப்பி அனுப்பினதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

பத்து மணிக்கு மனோலியின் வண்டி வந்து நின்றது. மனோலி அவள் புருஷனுடைய தம்பி. புருஷன் திமோஸ் லாரியில் பெர்த் நகரத்துக்குப் போயிருந்தான், வர இன்னும் ஆறு நாள். மனோலி வணக்கம் காப்பி ஒன்றும் இல்லாமல் ஒரு கோணிப்பையை மேசைமேல் கவிழ்த்தான். மாண்டரின் ஆரஞ்சுக் கிளைகள். ஒவ்வொன்றிலும் விரல் கணுப்போல, கணுவுக்கு மேல் கணுவாக வீக்கம்.

"பாருங்க அண்ணி. நல்லாப் பாருங்க."

பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றைக் குறுக்கே சீவினாள். உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறை, அறைக்கு ஒரு வெள்ளைப் புழு.

"முடிச்சுக் குளவி," என்றாள். "எத்தனை மரத்துல?"

"நேத்து எண்ணினேன். இருநூத்திப் பத்தோட நிறுத்திட்டேன், எண்ணப் பிடிக்கல. நாலு வருஷம் அண்ணி! பிள்ளைங்களைவிட அதிகமா அதுங்களைத்தான் பார்த்திருக்கேன். இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. மருந்தே அடிக்காத பழம்னு சொல்லி ஆள் பிடிச்சு வெச்சிருக்கேன். இப்ப அவன்கிட்ட எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?"

"போன செப்டம்பர்லதான் நல்ல குளவி கட்டி விட்டோமே."

"அதைத்தான் சொல்றேன். நீங்க கட்டி விட்டும் இவ்வளவு வந்திருக்குன்னா பக்கத்துல எவ்வளவு ஊறிக் கிடக்கணும்? எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்." கை தானாகக் கிழக்கே நீண்டது. "அந்த ஆப்கான் அம்மா வீட்டு மரங்க. அடிமரத்துல முஷ்டி முஷ்டியா புடைச்சுக் கிடக்கு, வேலியில நின்னாலே தெரியுது. ஏழு மரம். எல்லாத்தையும் எடுத்துடணும்."

"வெட்டிப் பார்க்காம எப்படிச் சொல்றது?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட வந்தேன். நான் போய் வெட்டினா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். தனியா இருக்கிற பொம்பள. நீங்க போய் ஒரு முடிச்சை வெட்டிப் பார்த்து, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன். பதிலுக்கு வேற மரம் வாங்கித் தர்றேன் அண்ணி, நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல."

ராட்சசன் இல்லைதான். கோபக்காரன், வாய் நீளம், ஆனால் மாமியார் படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் தன் கையால் தூக்கி உட்கார வைத்தவன். பொப்பிக்கு அவன்மேல் பாசம் உண்டு. கத்தியைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டு, ஒரு சின்ன ரம்பத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

தோட்டத்து வாசலில் மனோலிக்கு யாரோ போன் பண்ணினார்கள். அவன் பேசிக்கொண்டு நிற்க, பொப்பி மட்டும் வரிசைகளுக்குள் நடந்தாள். வேலியோரத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று கிழக்குக் கோடிக்கு முதலில் போனாள். முதல் வரிசையில் முடிச்சே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. குனிந்து, கிளையைப் புரட்டி, இலைக்கணு வரைக்கும் பார்த்தாள். மூன்றாவதில் ஒன்றே ஒன்று. அங்கேயே அவளுக்கு ஏதோ இடறியது. வேலி தாண்டி வந்த குளவி வேலியோரத்து மரத்தை விட்டுவிட்டு ஏன் நடுத்தோட்டத்துக்குப் போகிறது? காற்றில் பத்தடி பறந்தால் பெரிய விஷயம், அவ்வளவு சோம்பேறிப் பூச்சி அது.

பன்னிரண்டாவது வரிசையில் ஒரு மரத்தில் வெங்காயப் பை தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் வெளுத்துப்போன சிவப்பு வலைப் பை. போன செப்டம்பரில் அவள் கையால் கட்டினது. அந்த மரத்தில் முடிச்சில்லாத கிளையே இல்லை. அடுத்த மரத்தில் பாதி. அதற்கடுத்ததில் நாலைந்து. அப்புறம் சுத்தம். பத்தாவது மரத்தில் மறுபடி ஒரு வெங்காயப் பை, மறுபடி கிளை கொள்ளாத முடிச்சு.

பொப்பி வேகத்தைக் கூட்டினாள். அந்த வரிசை முழுவதும் நடந்தாள், அடுத்த வரிசையும் நடந்தாள். ஓர் இடத்திலாவது கணக்குத் தப்பாதா என்று பார்த்தாள். தப்பவில்லை. பை இருந்த இடமெல்லாம் முடிச்சு இருந்தது.

நல்ல குளவி கட்டுவதில் ஒரு பக்குவம் உண்டு. மரத்தைக் கெடுக்கிற குளவி கறுப்பு. அதன் புழுவைத் தின்று பிழைக்கிற குளவி தேன் நிறம். இரண்டும் ஒரே முடிச்சுக்குள்தான் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். வசந்தத்தில், அங்கே அது செப்டம்பர் வாக்கில், கறுப்பு முதலில் வெளியே வரும், இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தேன் நிறம் வரும். ஆகவே பழைய தோட்டத்திலிருந்து முடிச்சுக் கிளைகளை வெட்டிவந்து வாய் கட்டின சாக்கில் வைத்திருப்பார்கள். கறுப்பு வந்து உள்ளேயே செத்து முடியவேண்டும். தேன் நிறம் தலைகாட்டுகிற நாளில் கிளைகளை எடுத்துப் பையில் போட்டு மரத்தில் கட்டவேண்டும். நாள் தெரிந்துகொள்ள, சாக்கிலிருந்து நாலு கிளையை ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டுத் துணியால் மூடி வைப்பது வழக்கம்.

பொப்பியும் வைத்தாள். சாடியில் கறுப்பு வந்தது, செத்தது. அப்புறம் தேன் நிறம் வந்தது. அன்றைக்கே மனோலிக்குப் போன் பண்ணி, கட்டலாம் என்று சொன்னாள்.

சாடி இருந்தது அவள் சமையலறை ஜன்னலில், அடுப்புக்குப் பக்கத்தில். சாக்குகள் இருந்தது மனோலியின் தகரக் கொட்டகைக்குப் பின்னால், அந்த நாட்டில் வெயிலே படாத தென்புறத்தில். சாடிக்கு வசந்தம் வந்துவிட்டது, சாக்குக்கு இன்னும் குளிர்காலம்தான். சாடியைப் பார்த்துவிட்டுச் சாக்கை அவிழ்த்தாள். சாக்கின் அடியில் செத்த கறுப்புக் குளவி கிடக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பொப்பிக்கு எதையும் இரண்டு தடவை பார்த்துப் பழக்கமில்லை. நாற்பது பை. கறுப்புக் குளவிகளை அவளே கொண்டுபோய், மரத்துக்கு மரம், சுத்தமான பிள்ளை மரங்களின் கழுத்தில் கட்டியிருக்கிறாள்.

"என்ன அண்ணி, மலைச்சுப் போய் நின்னுட்டீங்க?" மனோலி பின்னால் வந்து நின்றான். "பார்த்தீங்கல்ல, எப்படிப் பிடிச்சிருக்குன்னு. வாங்க, அந்தம்மா வீட்டுல இருக்கு. நான் வேலிக்கு இந்தப் பக்கமே நிக்கிறேன்."

இப்போது சொல்லியிருக்கலாம். முதலில் அந்த மரங்களைப் பார்த்துவிடலாமே, ஒருவேளை அங்கேயும் குளவி இருந்தால், என்று ஒரு அற்ப ஆசை. அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு வேலிக் கதவைத் திறந்தாள்.

அந்த ஆப்கான் அம்மா, சகீனா, வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். பழம் தரம் பிரிக்கிற அதே ஷெட்டில், பொப்பி விட்ட இடத்தில்தான் இப்போது நிற்கிறாள். காபூலுக்குக் கிழக்கே எங்கோ பிறந்தவள், வளைவுக்கு வந்து பதினோரு வருஷம். வந்த வருஷமே நாரஞ்சு விதை போட்டாள். நம் நாரத்தைக்கு ஒன்றுவிட்ட உறவு அது. ஒட்டுக் கட்டாத விதை மரம் என்பதால் காய்க்கப் பத்து வருஷம் எடுத்துக்கொண்டது. போன வருஷம் பூத்துக் கொட்டியது, இந்த வருஷம்தான் கிளை தாழக் காய்த்திருந்தது. ஏழு மரமும் ஆரஞ்சு நிறத்தில் நின்றன.

"வாங்கக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாருங்க. நேத்தே மனோலி அண்ணன் வேலியில நின்னு சொல்லிட்டாரு, என் மரத்துல பூச்சின்னு. எனக்கு ராத்திரி சோறு இறங்கல."

"முதல்ல பார்த்துடறேன்."

அடிமரத்தில் முடிச்சு இருந்தது நிஜம். முஷ்டி அளவில், கரடுமுரடாக, நாலைந்து. பொப்பி ஒன்றைச் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்தாள். வெட்டின முகத்தை எச்சில் தொட்டுத் துடைத்தாள். வழவழவென்று மஞ்சள் கட்டை. வளையம் வளையமாக மரம், உள்ளே வரைக்கும் மரம். ஒரு துளை இல்லை, ஒரு அறை இல்லை. இன்னொன்றை அறுத்தாள். அதுவும் அப்படியே. கிளை நுனிகளை எட்டின வரைக்கும் தடவிப் பார்த்தாள். இளங்கிளைதான் குளவிக்கு வேண்டியது, அதில் ஒரு வீக்கமும் இல்லை. சில விதை மரங்களுக்கு அடிமரம் தடிக்கும்போது இப்படிப் புடைக்கும். சிலர் நெற்றியில் மரு வருகிற மாதிரி. அதில் பூச்சிக்கு ஒரு வேலையும் கிடையாது.

கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை.

"பூச்சியாக்கா?" என்றாள் சகீனா. கையைத் தலைத்துணியின் ஓரத்தில் துடைத்துத் துடைத்து, காய்ந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தாள். "பூச்சின்னா சொல்லிடுங்க. நீங்க சொன்னா சரி. ஷெட்ல எல்லாரும் சொல்வாங்க, பொப்பி பார்த்தா முடிஞ்சுதுன்னு."

வேலிக்கு அந்தப் பக்கம் மனோலி தொப்பியைத் தூக்கி வெயிலை மறைத்துக்கொண்டு இங்கேயே பார்த்தபடி நின்றான். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி அவனிடமிருந்து வரும்: அப்போ எங்கேருந்து வந்துச்சு? அந்தக் கேள்விக்குப் பதில் நாற்பது வெங்காயப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"லென்ஸ்ல பார்க்கணும்," என்றாள் பொப்பி. அவள் குரலே அவளுக்கு யாருடையதோ போலக் கேட்டது. "நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கா?"

"கோயிலுக்குப் போய்ட்டு வந்து."

சகீனா மரங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய் ஏலக்காய்த் தேத்தண்ணியும் காய்ந்த மல்பெரியும் கொண்டுவந்து வைத்தாள். பொப்பி நின்றபடியே இரண்டு வாய் குடித்துவிட்டு, அறுத்த கட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வேலியில் மனோலியிடமும் அதே வார்த்தை. நாளைக்கு.

மனோலி அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். "சரி அண்ணி," என்றான் மெதுவாக. "புரியுது."

என்ன புரிந்தது அவனுக்கு என்று பொப்பி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டையைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். லென்ஸை எடுக்கவே இல்லை. ஒரு நாள்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனோலியைத் தனியாகப் பிடித்து, பக்குவமாக, அவன் வயிறு நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லவேண்டும். திமோஸிடம் முதலில் சொல்லலாமா? அவன் வண்டி ஓட்டுகிறான், வேண்டாம். உண்மையில் அவள் பயந்தது மனோலியின் கோபத்துக்கு அல்ல. அவன் கோபப்பட்டு, அப்புறம் அழுது, அப்புறம் மன்னித்தும் விடுவான். அடுத்த சனிக்கிழமை மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பை வருமா என்பதுதான் பயம். ஐம்பத்தேழு வயதில் அவளிடம் ஊர் தேடி வருகிற பொருள் அந்த ஒன்றுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் எழுந்து போகவில்லை.

மூன்று மணிக்குப் போனில் தோட்டக்காரர்களின் வாட்ஸப் குரூப் சத்தம் போட்டது. மனோலி எழுதியிருந்தான். 'எல்லாரும் கவனிங்க. முடிச்சுக் குளவி எங்கேருந்து பரவுதுன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஆப்கான் வீட்டு மரங்க. பொப்பி அண்ணி நேர்ல போய் வெட்டிப் பார்த்தாங்க.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். 'நான் அப்பவே நினைச்சேன்.' 'வெளியாளுங்க கண்ட விதையையும் போட்டா இப்படித்தான்.' 'பொப்பி பார்த்தாச்சுன்னா அப்பீலே கிடையாது.'

அவள் 'இல்லை' என்று அடித்தாள். அழித்தாள். 'நான் இன்னும் சொல்லவில்லை' என்று அடித்தாள். அதையும் அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நாளைக்குச் சொல்லும்போது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு உடுத்திக்கொண்டு காரில் ஏறினவள், சாவியைத் திருப்புவதற்கு முன்பே சத்தத்தைக் கேட்டாள். மரம் அறுக்கிற இயந்திரம். வளைவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் மரம் அறுக்கமாட்டார்கள். கோயில் பக்கம் திரும்பவேண்டிய காரை மறுபக்கம் திருப்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சத்தம் நின்றிருந்தது. ஏழு மரமும் பழத்தோடு கிழக்கே பார்த்துச் சாய்ந்து கிடந்தன. புல் முழுக்கப் பழம் உருண்டிருந்தது. சகீனா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் மரத்தூளோடு, கடைசி அடிக்கட்டையின் பக்கத்தில் நின்றாள். அவள் கையிலிருந்தது மனோலியின் இயந்திர ரம்பம். கைப்பிடியில் அவன் பெயர் எழுதியிருந்தது.

"ஏன்? ஏன் வெட்டின?" பொப்பி புல்லில் ஓடி வந்ததில் ஒரு செருப்பு கழன்றுபோனது. "நான்தான் இன்னிக்கு வந்து சொல்றேன்னேனே!"

"எதுக்குக்கா இன்னிக்கு வரைக்கும்?" சகீனா மூச்சு வாங்கினாள். "ஷெட்ல என்கூட வேலை பார்க்கிற மேரி போன் பண்ணினா, குரூப்ல வந்திருக்குன்னா. விடியக்காலம் மனோலி அண்ணன் வேலிகிட்ட நின்னாரு. பொப்பி அக்கா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். அவரு சொன்னாரு, அண்ணி ஒரு நிமிஷத்துல சொல்றவங்க, இல்லன்னா இல்லன்னு அங்கேயே சொல்லியிருப்பாங்க. நாளைக்குன்னு சொன்னா, உன் மனசு நோகக் கூடாதுன்னு தள்ளிப் போட்டிருக்காங்கன்னு. எனக்கும் சரின்னுதான் பட்டுது. நீங்க வந்து உங்க வாயால சொல்ற கஷ்டம் உங்களுக்கு வேணாம்னு நானே ரம்பத்தை வாங்கிட்டேன்."

பொப்பி அடிக்கட்டைமேல் கை வைத்தாள். ஈரமாக இருந்தது. வாசனை மூக்கை அடைத்தது.

"சகீனா, அது பூச்சி இல்ல. வெறும் கட்டை. உன் மரத்துல ஒரு பூச்சியும் இல்ல. மனோலி தோட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தது நான். போன வருஷம் நான் கட்டின பைங்க. நாள் தெரியாம முன்னாடியே அவுத்துட்டேன்."

சகீனா ரம்பத்தைக் கீழே வைத்தாள். ரொம்ப மெதுவாக, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி வைத்தாள்.

"லென்ஸ்ல பார்த்தீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்பத் தெரியும்?"

"நேத்து." பொப்பி அழுதுவிட்டாள். "வெட்டின உடனே."

சகீனா அவளைப் பார்த்தாள். திட்டுவாள், கத்துவாள் என்று பொப்பி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். சகீனா குனிந்து, காலடியில் கிடந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட ஆரம்பித்தாள். நாலு பழம் போட்டாள், ஐந்தாவதைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அடிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

மனோலி வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். இந்தத் தடவை தயங்கவில்லை. கையில் நர்சரிக்காரன் அச்சடித்த பட்டியல் இருந்தது. சகீனாவுக்கு என்ன மரம் வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறான், பாவம். பொப்பி அவனிடமும் சொன்னாள். சாடி, சாக்கு, வெங்காயப் பை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அவன் முகம் முதலில் சிவந்தது, அப்புறம் வெளுத்தது. அவன் தன் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் கீழே கிடந்த ஏழு மரங்களைப் பார்த்தான்.

"இதை நேத்து சொல்லக் கூடாதா அண்ணி?" என்று கத்தினான். "நான் உங்களைத் தின்னுடுவேனா?"

அப்புறம் அவனே குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான்.

"சரி. போனது போச்சு. இவங்களுக்கு என்ன செய்யணுமோ நான் செய்யறேன், பெரிய மரமாவே வாங்கி வெக்கிறேன். நீங்க குரூப்ல ஒண்ணும் போடாதீங்க. மரம் விழுந்தாச்சு, நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க. ஊர்ல உங்களுக்கு ஒரு பேர் இருக்கு. அண்ணனுக்கும் தலைகுனிவு."

பொப்பிக்கு அந்த வார்த்தைகள் இதமாக இருந்தன. அதுதான் பயங்கரம். ஒரு கணம் தலையை ஆட்டிவிடக்கூட இருந்தாள். அடிக்கட்டையில் உட்கார்ந்திருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் நிமிரவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை. ஆறு மணிக்கு அவள் அந்த ஷெட்டில் போய் நிற்கவேண்டும், வளைவுக்கே பூச்சி கொண்டுவந்தவளாக.

பொப்பி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன, திருத்தித் திருத்தி அடித்தாள். மனோலி இரண்டு தடவை 'அண்ணி' என்றான். அப்புறம் திரும்பிக்கொண்டு வேலியைப் பார்த்து நின்றான்.

"என்ன எழுதறீங்க?" சகீனா தலையைத் தூக்கினாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. "எனக்குப் படிக்க வராது. படிச்சுக் காட்டுங்க."

பொப்பி படித்தாள்.

"'சகீனா வீட்டு மரங்கள்ல இருந்தது வெறும் கட்டை முடிச்சு. குளவி கிடையாது. மனோலி தோட்டத்துல குளவி வந்தது நான் கட்டின பைகள்லேருந்து. தப்பு என்னோடது. நான் சொல்லாததுனால அவங்க ஏழு மரத்தையும் வெட்டிட்டாங்க. நான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்கறேன். கலியோப்பி.'"

சகீனா கையிலிருந்த பழத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு வாளிக்குள் போட்டாள்.

"நேத்தே தெரியும்கிறது அதுல இருக்கா?"

பொப்பி திரையைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள், இருக்கிறதோ என்னவோ என்கிற மாதிரி.

"இல்ல," என்றாள்.

"அதையும் போடுங்கக்கா," என்றாள் சகீனா.